மழை விட்டபின் ஓடிய சிவப்புத் தொப்பிக்காரன்

என் வதனிக்கு,

இஞ்சாரும், கையில் ஏதும் வேலை இருந்தால் வைத்துவிட்டுக் கொஞ்சம் கேளும். உம்முடைய ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று நம் மகள் ஆரணி ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுக்கிறாள். முப்பத்தோராம் நாள் மலரில் போட்ட மாதிரி ஒரு கண்ணீர்க் கவிதையும் உம்முடைய படமும் தேவாரமும் போதும் என்கிறார் அச்சகத்துக்காரர். அந்தக் கவிதையில் உம்மைக் குத்துவிளக்கு என்று எழுதியிருந்தார்கள். வாசித்தபோது எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. குத்துவிளக்கு வைத்த இடத்தில் இருக்கும். நீர் எந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தீர்?

ஆகவே இந்த முறை கவிதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உமக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். மலரைப் பிரிக்கிறவர்கள் எல்லோரும் வாசிக்கட்டும். குளிர் விட்டதும் இரண்டு பேருமாக எங்கே போகிறீர்கள் என்று கோயிலில் கேட்டவர்களுக்கு இருபத்திரண்டு வருடமாக நீர் ஒரே பதிலைத்தான் சொன்னீர். "வேலைக்குப் போறம் அக்கா." அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. நாங்கள் ஸ்பீட்வே பார்க்கப் போனோம்.

ஸ்பீட்வே என்றால் என்ன என்று நம் சனம் கேட்கும். முட்டை வடிவத்தில் ஒரு மண்பாதை. நான்கு பேர், நான்கு மோட்டார் சைக்கிள், நான்கு சுற்று. எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். தொடக்கத்தில் குறுக்கே கட்டிய நாடா மேலே எழும்பும், அடுத்த நிமிடம் ஓட்டம் முடிந்துவிடும். அந்தச் சைக்கிளுக்கு ஒரே ஒரு கியர். பிரேக் கிடையாது. பிரேக் பழுதில்லை, பிரேக்கே வைத்துச் செய்வதில்லை. நான் ஹனோவரில் பேருந்து ஓட்டுகிறவன். பிரேக்கில் கால் வைத்தே சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்டவனுக்கு அதை முதலில் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்?

அந்த நாள் உமக்கு நினைவிருக்கும். பந்தயம் நடத்துகிற கழகத்தின் கியோஸ்க்கில், அந்தச் சின்னச் சாப்பாட்டுக் கடையில், ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க ஆள் தேவை என்று உம்மோடு பேக்கரியில் வேலை செய்த பெட்ரா சொன்னாள். நீர் ஓம் என்றுவிட்டீர். வெள்ளிக்கிழமை வீட்டில் முட்டைகூட உடைக்க விடாத நீர், ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்று பிராட்வுர்ஸ்ட் என்ற இறைச்சிக் குழலை வாட்டினீர். பந்தயம் நடக்கிற அந்த ஊருக்கு ஞாயிறு பேருந்து கிடையாது. அதனால் நான் காரில் கொண்டுபோய் விட்டு, காருக்குள்ளேயே பத்திரிகையோடு இருந்தேன். திடீரென்று நிலம் அதிர்ந்தது. நீர் ஓடி வந்து கண்ணாடியில் தட்டினீர்.

"இஞ்சாருங்கோ, வெளியில வாங்கோ! ஆமணக்கெண்ணெய் மணக்குது!"

உண்மைதான். சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே எண்ணெய், எரிந்து, காற்றெல்லாம் மணத்தது. அந்த இயந்திரங்களுக்கு அதைத்தான் ஊற்றுகிறார்கள் என்று பிறகு அறிந்தோம். நான் மணத்துக்குப் பின்னால் நடந்து வேலியடிக்குப் போனேன். நான்கு பேர் திருப்பத்துக்குள் வந்தார்கள். வந்தார்கள் என்றால், நேராக வரவில்லை. சைக்கிள் பக்கவாட்டில் சறுக்குகிறது, முன்சில்லு வலப்பக்கம் பார்க்கிறது, ஆள் இடப்பக்கம் போகிறான். இடது காலில் இரும்புச் சப்பாத்து மண்ணில் உரசுகிறது. நான் என்னை அறியாமல் வலது காலால் நிலத்தை அமத்தினேன். பிரேக் தேடினேன், வதனி. இன்றைக்கும் அந்தத் திருப்பத்தில் என் கால் அப்படித்தான் செய்கிறது.

அன்றைக்கு நான் செய்த பிழையை இதுவரை நம் ஆட்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது அச்சில் சொல்லுகிறேன். நால்வரின் தொப்பிகளும் நான்கு நிறம்: சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே நான்கு நிறம். அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே நான்கு பேர் என்று நினைத்துவிட்டேன். நான் சிவப்புக்காரனைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தரம் உள்ளே நெருக்கிப் போய் வென்றான். ஒரு தரம் கடைசியாக வந்தான். ஒரு தரம் விழுந்து, நொண்டிக்கொண்டு போனான். அடுத்த ஓட்டத்தில் பார்த்தால் திரும்பவும் வந்து நிற்கிறான்! நொண்டலும் இல்லை. இருபது ஓட்டம், இருபதிலும் ஓடினான். அப்படி ஒரு மனிதனை நான் கண்டதில்லை.

திரும்பி வரும்போது ஓட்டோபான் நெடுஞ்சாலையில் வாய் ஓயாமல் உமக்குச் சொன்னேன்.

"என்னப்பா, அந்தச் சிவப்புத் தொப்பி மனிசனே? இருபது தரம் ஓடினான். தண்ணிகூடக் குடிச்ச மாதிரித் தெரியேல்லை."

நீர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஓம், நல்ல பலசாலிதான்" என்றீர்.

தொப்பியின் நிறம் ஆளுக்கு உரியது இல்லை, அந்த ஓட்டத்தில் அவன் நிற்கிற இடத்துக்கு உரியது. உட்பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சிவப்பு, வெளிப்பக்கத்தில் நிற்கிறவனுக்கு மஞ்சள். பதினாறு பேர் மாறி மாறி ஓடுகிறார்கள். என்னுடைய ஒரே வீரன் பதினாறு பேர். அதில் டென்மார்க்காரனும் போலந்துக்காரனும் அந்த ஊர்ப் பால்காரனின் மகனும் இருந்தார்கள். இதெல்லாம் உம்முடைய கையில் இருந்த நிகழ்ச்சிப் புத்தகத்தில் அச்சடித்திருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நான்கு வரி, ஒவ்வொரு வரியிலும் நிறமும் பெயரும். பக்கத்தில் வெறும் கட்டம். ஓட்டம் முடிந்ததும் சனம் எல்லாம் பென்சிலை எடுத்து அந்தக் கட்டத்தில் மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம் என்று புள்ளி போடும். அங்கே வருகிறவர்களுக்கு அது ஒரு கடமை. நீர் முதல் நாளே கியோஸ்க் மேசையில் புத்தகத்தை விரித்து வைத்து, ஒரு கையால் வுர்ஸ்ட்டைப் புரட்டி, மறு கையால் புள்ளி போட்டீர்.

நான் அந்தப் பருவம் முழுவதும் சிவப்பனோடுதான் இருந்தேன். கடைசிப் பந்தயத்தில், அவனோடு கை குலுக்க வேண்டும், எங்கே நிற்பான் என்று பெட்ராவிடம் கேட்டேன். அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது. அவள் சிரித்த சிரிப்பில் கோப்பிக்கு நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் போய்க் காருக்குள் இருந்துவிட்டேன். நீர் கோப்பியும் கேக்கும் கொண்டுவந்து காரின் முன்மூடியில் வைத்துவிட்டுப் போனீர்.

மானம் போனவன் அடுத்த வருடம் புத்தகத்தை வாங்கிப் படித்துக்கொண்டு வந்தேன். எனக்கு என்று ஒரு ஆளைத் தெரிவு செய்தேன். பிரிட்டிஷ்காரன், அகன்ற தோள், தாடி. நாங்கள் தாடி என்றே கூப்பிட்டோம். ஆங்கிலப் பெயர்கள் நம் வாயில் சரிவராது என்பது ஒன்று, பக்கத்தில் நிற்பவர்களுக்கு விளங்காமல் திட்டலாம் என்பது மற்றொன்று. தாடி நாடா எழும்பியவுடன் முதலாவதாகப் பாய்வான். பாய்ந்தால் பிறகு ஒருவனும் அவனைப் பிடிக்க ஏலாது. எனக்கு அது பிடித்திருந்தது. நேரத்துக்கு வெளிக்கிடாத பேருந்தும் ஒரு பேருந்தா?

உமக்கு ஒல்லி. அவனும் பிரிட்டிஷ்காரன். காற்சட்டை இடுப்பில் நிற்காத உடம்பு. தொடக்கத்தில் எப்போதும் பிந்துவான். நாடா எழும்பிய பிறகுதான் நித்திரையால் எழும்புகிறான் என்று நான் சொல்வேன். பிந்திவிட்டு, மற்றவர்கள் பயந்து ஒதுக்கிவிடுகிற வெளிப்பக்கத்தில், வேலியை ஒட்டிப் போவான். அங்கே மண் தளர்ந்திருக்கும், பிடி கிடைத்தால் வேகம், கிடைக்காவிட்டால் வேலி. அவன் வேலியடியில் வரும்போது நீர் கரண்டியைக் கையில் பிடித்தபடி மூச்சு விடாமல் நிற்பீர். வுர்ஸ்ட் கருகும். பெட்ரா கத்துவாள்.

ஒருநாள் பந்தயம் முடிந்து ஒல்லி கியோஸ்க்குக்கு வந்தான். கிட்டப் பார்த்தால் சின்ன மனிதன். தேநீர் கேட்டான். கியோஸ்க்கில் இருந்தது கயிற்றில் தொங்கும் பை. நீர் அதைக் கொடுக்க மனமில்லாமல், நமக்கென்று பிளாஸ்க்கில் கொண்டுபோன பால் தேநீரை ஊற்றிக் கொடுத்தீர். குடித்துவிட்டுக் கோப்பையின் அடியைப் பார்த்தான். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் உம்மிடம்தான் வந்தான். "தேத்தண்ணிக்காகத்தானே அவனைத் தூக்கிப் பிடிக்கிறீர்" என்று நான் ஒருதரம் சொல்லிவிட்டேன். நீர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அது நான் சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை, வதனி. இப்போது எல்லோர் முன்னிலையிலும் திருப்பி எடுக்கிறேன்.

எவன் பெரியவன்? இந்தக் கேள்வியில் நாங்கள் இருபது வருடம் குடும்பம் நடத்தினோம். சமையலறையிலும் காரிலும் ஆரணியின் பட்டமளிப்பு மண்டபத்திலும்கூட. எனக்கு வெற்றிக் கிண்ணங்கள்தான் கணக்கு. உமக்கு அப்படியில்லை.

"முன்னுக்கு வெளிக்கிட்டு முன்னுக்குப் போறது பெரிய காரியமே? அவனுக்கு முன்னால வெறும் பாதை. ஒல்லிக்கு முன்னால மூண்டு பேர், அவையின்ர மண்ணெல்லாம் இவன்ர முகத்தில. அதுக்குள்ளால வரோணும்."

நீர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் என்னுடைய பெரிய ஆயுதத்தை எடுப்பேன். அந்த மழை ஓட்டம்.

முதல் நாளில் நடந்தது அது. நடுவில் மழை கொட்டி, டிராக்டர் வெகுநேரம் பாதையை இழுத்துச் சமப்படுத்தி, பிறகு விட்ட முதல் ஓட்டம். சிவப்புத் தொப்பிக்காரன் தொடக்கத்தில் பிந்தி, மூன்று பேருக்கும் பின்னால் சேறு குளித்துக்கொண்டு வந்தான். கடைசிச் சுற்று, கடைசித் திருப்பம். அவன் திரும்பாமல் நேராக என்னை நோக்கி வந்தான். வேலிப் பலகை அதிர்ந்தது. என் கோப்பிக்குள் மண் விழுந்தது. இவன் செத்தான் என்று நான் கண்ணை மூடப் போனேன், மூட முடியவில்லை. பின்சில்லு எதையோ பிடித்தது. மூன்று பேரையும் ஒன்றாகத் தாண்டிக்கொண்டு போனான். எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று இன்றும் தெரியாது. மண் கிடந்த கோப்பியை அப்படியே குடித்தேன்.

சிவப்பன் பதினாறு பேர் என்று தெரிந்த பிறகு, அந்த ஓட்டத்தை மட்டும் நான் விடவில்லை. அது தாடிதான் என்று முடிவு கட்டினேன். அப்படி ஓட வேறு யாரால் ஏலும்? இருபது வருடம் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னேன். "அண்டைக்கு மழைக்குள்ள தாடி ஓடின ஓட்டத்தைக் காணாதவன் ஸ்பீட்வேயைப் பற்றிக் கதைக்கக்கூடாது." நீர் ஒவ்வொரு தரமும் ஒரே பதில்தான் சொல்வீர்.

"ஓம், அப்பிடியோ?"

பத்து வருடத்துக்கு முன் கழகம் ஒரு வாக்கெடுப்பு வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள்தான் அந்தப் பாதையில் முதலில் ஓடியவர்கள் என்பதால், அந்தக் கழகத்துக்குப் பிரிட்டிஷ்காரர் என்றால் தனி மரியாதை. எல்லாக் காலத்துக்குமான மிகச் சிறந்த பிரிட்டிஷ் ஸ்பீட்வே வீரர்கள் ஐவர், வரிசைப்படி. ஒரு குடும்பத்துக்கு ஒரு சீட்டு. மூன்றாம், நான்காம், ஐந்தாம் இடங்களை நாங்கள் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுமுன் எழுதிவிட்டோம். மூன்றாவது, கழக மண்டபத்துச் சுவரில் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கிறவர். நம் காலத்துக்கு முந்தியவர், தோல் உடுப்பு, தலையில் ஒரு கிண்ணம் மாதிரித் தொப்பி. நாங்கள் படத்தண்ணை என்போம். "ஓடினதைப் பாக்கேல்லை எண்டாலும் அந்தக் கண்ணைப் பாருங்கோ" என்று நீர் சொன்னீர். அடுத்தது தலை நரைத்த பிறகும் ஓடிய ஐயா. கடைசியாக, எலும்பு முறிந்து தூக்கிக்கொண்டு போகும்போதும் கை காட்டிச் சிரித்த பல்லன்.

முதலிடத்தில் தாடியா, ஒல்லியா? அதில் நாங்கள் இறங்கி வரவில்லை. நான் மழை ஓட்டத்தைச் சொன்னேன். நீர் "அப்பிடியோ" என்றீர். கடைசி நாள் போய்விட்டது. சீட்டு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் தொங்கியபடியே மஞ்சளாகியது.

போன இலையுதிர் காலத்தில், பருவத்தின் கடைசிப் பந்தயம் முடிந்து மூன்றாம் கிழமை, நீர் போய்விட்டீர். இதயம் என்றார்கள். அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு ஏலாது.

இந்த வருடம் ஈஸ்டர் பந்தயத்துக்கு நான் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. ஆனி மாதத்தில் பெட்ரா வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சீட்டு. பாதையின் ஆண்டு நிறைவுக்காகக் கழகம் அதே வாக்கெடுப்பைத் திரும்பவும் வைக்கிறதாம். சீட்டின் மேல் உம்முடைய பெயர் அடித்திருந்தது. சந்தா உம்முடைய பெயரில்தானே இருந்தது.

"இந்த வருசம் முடியும்வரை அவள் எங்கட உறுப்பினர்தான்," என்று பெட்ரா சொன்னாள். அவளுடைய ஜெர்மனை நம்முடைய தமிழில் எழுதுகிறேன். "பெயரை வெட்டுவமோ எண்டு கூட்டத்தில கேட்டினம். வெட்டினால் கியோஸ்க்கைத் திறக்கமாட்டன் எண்டு சொன்னன். ஆவணி மாசப் பந்தயத்தில பெட்டி வைப்பம். நீ நிரப்பிக் கொண்டு வா."

அவள் போன பிறகு சீட்டோடு சமையலறையில் இருந்தேன். எதிர்க்கதிரை காலி. சண்டை பிடிக்க ஆள் இல்லை. மூன்று, நான்கு, ஐந்தை எழுதினேன். பிறகு, வதனி, முதலிடத்தில் தாடியின் பெயரை எழுதினேன். பென்சிலால்தான். எழுதிவிட்டுப் பார்த்தேன். இருபது வருடமாக ஆசைப்பட்ட இடத்தில் அவன் பெயர் நின்றது. சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆரணிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பா, அது அம்மாட ஸ்டிம்ம, உங்கட இல்லை" என்றாள். வாக்குக்கு அவள் ஜெர்மன் சொல்தான் சொல்லுவாள். "அம்மா ஆரைப் போடுவா எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். ஆனால் நான் நம்பாத ஒருத்தனை எப்பிடிப் பிள்ளை எழுதுறது? அதுகும் முதலிடத்தில?"

"நம்பாட்டி எழுதாதேங்கோ. ஆனால் அம்மாட பேருக்குக் கீழ உங்கட ஆளையும் எழுதாதேங்கோ."

உம்முடைய குரல்தான் அவளுக்கு. இரண்டு பெயரில் எதை எழுதினாலும் ஒரு பொய். தாடியை எழுதினால் உம்முடைய பெயரில் பொய். ஒல்லியை எழுதினால், இறந்தவளுக்கு இரக்கப்பட்டுப் போட்ட வாக்கு. நீர் இரக்கத்துக்கு வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை. எழுதாமல் விட்டால் இரண்டாம் தரமும் சீட்டு குளிர்சாதனப் பெட்டியில் தொங்கும். ஆடி மாதம் முழுவதும் இந்தப் பாடு.

கடைசியில் நிலவறைக்கு, நம் கெல்லருக்கு இறங்கினேன். உம்முடைய நிகழ்ச்சிப் புத்தகங்கள் வாழைப்பழப் பெட்டியில் இருக்கின்றன என்று தெரியும். மழை ஓட்டத்தின் புத்தகத்தைக் கண்டுபிடித்து, தாடியின் பெயருக்கு நேரே நீர் போட்ட மூன்று புள்ளியைப் பார்த்துவிட்டால், உமக்கு முன்னால் அதை வைத்து நியாயம் கேட்கலாம் என்று ஒரு எண்ணம். உம்முடைய கையாலேயே எழுதியது அல்லவா? பிறகு தாடியை எழுத எனக்கு மனம் வரும். அப்படி நினைத்துத்தான் போனேன்.

பெட்டியில் ஒரு புத்தகமும் குறையவில்லை. எல்லாவற்றிலும் எண்ணெய்க் கறை, கடுகுக் கறை. முதல் நாள் புத்தகம் அடியில் கிடந்தது. பென்சில் எழுத்து மங்கவில்லை. மழை எப்போது வந்தது என்று தேடினேன். நீர் பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்து, "மழை. டிராக்டர்" என்று எழுதியிருந்தீர். கோட்டுக்குக் கீழே அடுத்த ஓட்டம். நான்கு வரி. மூன்றாவது வரியில் வெள்ளைத் தொப்பி, அதற்கு நேரே தாடியின் பெயர். புள்ளி இரண்டு. முதல் வரியில் சிவப்பு.

சிவப்புக்கு நேரே ஒல்லியின் பெயர். புள்ளி மூன்று. பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

கெல்லரில் தன்பாட்டில் அணைகிற விளக்கு இரண்டு தரம் அணைந்தது. இரண்டு தரமும் எழுந்து போட்டுவிட்டுத் திரும்பவும் அதே பக்கத்தைப் பார்த்தேன். என்னைக் கண் கலங்க வைத்தவன், மண் கோப்பியைக் குடிக்க வைத்தவன், நான் இருபது வருடம் நித்திரைக்காரன் என்று திட்டியவன், மூன்று பேரும் ஒரே ஆள். அந்த ஓட்டத்தில் என் தாடி அவனுடைய சேற்றைத் தின்றுகொண்டு பின்னால் வந்திருக்கிறான்.

நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், கடுகுக் கறைக்கும் ஓரத்துக்கும் இடையில், உம்முடைய சின்ன எழுத்து. நீர் கதைக்கிற மாதிரியே எழுதியிருந்தீர்.

"இவர் சிவப்பு எல்லாம் ஒரே ஆள் எண்டு நினைக்கிறார். அழுதவர். சொல்லேல்லை. சொன்னால் வெக்கப்பட்டு அடுத்தமுறை வரமாட்டார்."

அதற்குக் கீழே இன்னொரு வரி. அது பென்சில் இல்லை, நீலப் பேனை. பேக்கரியில் உமக்குப் பரிசாகத் தந்தார்களே, பத்து வருடத்துக்கு முன், அந்தப் பேனையின் மை. அப்படியென்றால் முதல் வாக்கெடுப்பு நடந்த நேரம் நீர் கெல்லருக்குப் போய் இந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறீர்.

"இன்னும் சொல்லேல்லை."

வதனி, இந்த ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டிருந்தால் சண்டை அந்த நிமிடமே முடிந்திருக்கும். உம்முடைய ஒல்லி முதலிடத்தில் ஏறியிருப்பான். நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அடுத்த ஞாயிறு காருக்குள் போய் இருந்திருப்பேன், அதற்கடுத்த ஞாயிறு கால்வலி என்று வீட்டில் நின்றிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். உமக்கு அதைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. வாக்கை விட்டுக்கொடுத்து, வேலியடியில் பக்கத்தில் நிற்கிற என்னை வைத்துக்கொண்டீர். இருபது வருடம் "ஓம், அப்பிடியோ" என்று சொல்லிக்கொண்டு. அந்தச் சிரிப்பை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்? பிரேக் இல்லாமல் திருப்பத்துக்குள் போகிறவர்களைப் பார்த்து வாய் பிளந்தவன் நான். வீட்டில் என்னோடு இருந்த ஆளைப் பார்த்து வாய் பிளக்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

மேலே வந்து அழிறப்பரை எடுத்துத் தாடியை அழித்தேன். முதலிடத்தில் ஒல்லியின் உண்மைப் பெயரை முழுதாக, பேனையால் எழுதினேன். இரக்கத்தால் இல்லை. நான் கண்ணால் கண்டவன். மிகச் சிறந்த பிரிட்டிஷ் வீரன் யார் என்று எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தது, பெயர்தான் தெரியவில்லை. இரண்டாம் இடத்தில் தாடியை எழுதினேன். அதற்கு நீர் ஒன்றும் சொல்ல மாட்டீர்.

ஆவணிப் பந்தயத்துக்குப் போனேன். பெட்ரா என்னைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து கட்டிப்பிடித்தாள், என் ஜாக்கெட்டில் இன்னும் கறை இருக்கிறது. சீட்டைப் பெட்டியில் போட்டேன். கியோஸ்க் வேலை ஓய்ந்தால் நீர் வந்து நிற்கும் இடத்தில், வேலியின் இடது பக்கத் தூணோடு நின்று, புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புள்ளி போட்டேன். ஒரு ஓட்டத்தில் மஞ்சள் தொப்பிக்காரப் பெடியன் ஒருவன் வேலியை ஒட்டிப் போனான். என் வலது கால் நிலத்தை அமத்தியது. மூச்சு நின்றது. அந்த அதிசயம் அப்படியே இருக்கிறது, குறையவில்லை. உமக்கு அதைச் சொல்லத்தான் முதலில் பேனையை எடுத்தேன்.

கடைசியில் ஒலிபெருக்கியில் முடிவைச் சொன்னார்கள். சிரிக்காமல் கேளும். முதலிடம் தாடிக்கு. ஒல்லி மூன்றாவது. படத்தண்ணைக்கும் பின்னால்! இருபது வருடம் தாடிக்காக வாதாடிய நான் கட்சி மாறிய அன்றைக்கு அவன் வெல்கிறான். கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை. நேரே கியோஸ்க்குக்குப் போய்ப் பெட்ராவோடு சண்டை பிடித்தேன்.

"முன்னுக்கு வெளிக்கிட்டு முன்னுக்குப் போறது பெரிய காரியமே?" என்று நான் ஜெர்மனில் கத்த, அவள் வுர்ஸ்ட் புரட்டுவதை நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வதனிதான் இப்பிடிச் சொல்லுவாள்."

வீட்டுக்கு வந்து முதல் நாள் புத்தகத்தை எடுத்தேன். உம்முடைய நீல மை வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பென்சிலால் எழுதினேன்: "சொல்லிப்போட்டீர்."

இனி ஒரு ஞாயிறும் காருக்குள் இருக்க மாட்டேன், இது உமக்கு என் வாக்கு. அடுத்த ஈஸ்டருக்குப் பிளாஸ்க்கில் பால் தேநீரோடு தூணடியில் நிற்பேன். நிறத்தைப் பார்க்குமுன் பெயரைப் பார்ப்பேன். கடைசி ஓட்டம்வரை புள்ளி போட்டு, புத்தகத்தைப் பெட்டியில் உம்முடையவற்றுக்கு மேலே வைப்பேன். அடுத்த வாக்கெடுப்பு வரும்வரை, கேட்கிறவர்களுக்கும் கேளாதவர்களுக்கும், மழை விட்டபின் ஒல்லி ஓடிய ஓட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

"இஞ்சாருங்கோ" என்று கண்ணாடியில் நீர் தட்டி எழுப்பிய,
உம்முடைய மனிசன்,
குகன்